படிக்கத்தானே செய்கிறோம்? வாலடைல் லோடு, அட்டாமிக் லோடு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சி, சி++ மொழிகளில் பல த்ரெட்கள் ஓடும் நிரல் எழுதுகிறவர்கள் திரும்பத் திரும்பக் கேட்பவை இவை. மெமரியில் எழுதுவதென்றால் எல்லோருக்கும் ஒரு பயம் இருக்கிறது, லாக் போடுகிறார்கள். படிப்பதில் மட்டும் ‘படிக்கத்தானே செய்கிறோம், என்ன ஆகிவிடப் போகிறது’ என்ற அலட்சியம். நான் தூக்கம் கெட்டுத் தேடிய பிழைகளில் பாதிக்கு மேல் அந்த அலட்சியத்தில் பிறந்தவை. அதனால் இந்தப் பக்கம் லோடு, அதாவது மெமரியிலிருந்து படிப்பது, பற்றியது. மெமரியில் எழுதும் ஸ்டோர் தேவைப்படும் இடத்தில் மட்டும் எட்டிப் பார்க்கும்.

வாலடைல் என்று போட்டால் கம்பைலர் உண்மையில் என்ன செய்கிறது?

நிரலில் எத்தனை தடவை படிக்கச் சொல்லியிருக்கிறீர்களோ அத்தனை தடவையும் மெமரிக்குப் போகும். முன்பு படித்ததை ரெஜிஸ்டரில் வைத்துக்கொண்டு ‘அதே மதிப்புதானே’ என்று சமாளிக்காது. யாரும் பயன்படுத்தாத லோடு என்றாலும் நீக்காது. இரண்டு வாலடைல் அணுகல்களை முன்பின்னாக மாற்றாது. வாக்குறுதி அத்தோடு முடிந்தது. சாதாரண வேரியபிள்களின் லோடையும் ஸ்டோரையும் வாலடைல் லோடைத் தாண்டி நகர்த்த கம்பைலருக்கு முழு உரிமை உண்டு. ப்ராசஸருக்கோ இந்தச் சொல்லே தெரியாது. ஏறக்குறைய எல்லா சிப்பிலும் வாலடைல் லோடும் சாதாரண லோடும் ஒரே இன்ஸ்ட்ரக்‌ஷன்தான். விதிவிலக்கு ஒன்றிரண்டு உண்டு, கீழே வரும்.

1989-இல் சி மொழிக்குத் தரநிலை வந்தபோது இந்தச் சொல்லுக்கு இருந்த வேலைகள் மூன்று: சாதனங்களின் ரெஜிஸ்டர்களைப் படிப்பது, சிக்னல் ஹேண்ட்லரோடு பேசுவது, லாங்ஜம்ப் செய்து திரும்பிய பிறகு லோக்கல் வேரியபிள் கெடாமல் இருப்பது. அந்தத் தரநிலையில் த்ரெட் என்ற பேச்சே கிடையாது. சி, சி++ இரண்டுக்கும் த்ரெட்டை அறிந்த மெமரி மாடல் 2011-இல்தான் வந்தது. படிப்பதும் எழுதுவதும் மற்ற த்ரெட்களுக்குப் பாதியில் தெரியாமல் முழுதாக நடக்கும் அட்டாமிக் வகைகளும் அதோடு வந்தவை.

எதுவுமே போடாமல் சாதாரண வேரியபிளாக விட்டால்?

‘முடிந்தது’ என்று ஒரு குளோபல் இன்ட். ஒரு த்ரெட் அது பூஜ்யமாக இருக்கும்வரை வெற்று லூப்பில் காத்திருக்கிறது. இன்னொரு த்ரெட் வேலை முடிந்ததும் அதில் 1 எழுதும். ஆப்டிமைசேஷன் இல்லாமல் கம்பைல் செய்தால் நன்றாக ஓடும். ஜிசிசி கம்பைலரில் ஓ2 என்ற ஆப்டிமைசேஷன் அளவைப் போட்டுவிட்டு அசெம்பிளியைப் பாருங்கள்: முதலில் ஒரே ஒரு லோடு, ஒரு ஒப்பீடு, பூஜ்யம் இல்லையென்றால் வெளியே. பூஜ்யமென்றால் தன்னைத்தானே நோக்கித் தாவும் ஒரு ஜம்ப். அந்த ஜம்ப்புக்குள் லோடே கிடையாது. மற்ற த்ரெட் கோடி முறை 1 எழுதினாலும் இவன் பார்க்கப் போவதில்லை.

கம்பைலர் செய்தது தவறா என்றால், இல்லை. லூப்புக்குள் யாரும் அந்த வேரியபிளை மாற்றவில்லை. வேறு த்ரெட் ஒத்திசைவில்லாமல் மாற்றினால் அது டேட்டா ரேஸ், நிரலுக்கு அர்த்தமே இல்லை என்று தரநிலை சொல்லிவிட்டது. போதாததற்கு, ஐ.ஓ., வாலடைல், அட்டாமிக் எதையும் தொடாத இப்படிப்பட்ட லூப் என்றாவது முடியும் என்று எடுத்துக்கொள்ளவும் அனுமதி உண்டு. ஆகவே லூப்பையே மொத்தமாகத் தூக்கிப் போட்டாலும் கேட்க முடியாது.

‘டீபக் பில்டில் ஓடுகிறது, ரிலீஸ் பில்டில் தொங்குகிறது’ என்று யாராவது வந்தால் நான் முதலில் தேடுவது இந்த ஜம்ப்பைத்தான்.

சரி, வாலடைல் போட்டால் அந்த லூப் சரியாகிவிடுகிறதே. அப்புறம் என்ன?

லூப் சரியாகும். லூப்புக்கு அடுத்த வரியில்தான் சிக்கல். ‘முடிந்தது’ 1 ஆனதும் நீங்கள் ‘விடை’ என்ற இன்னொரு வேரியபிளைப் படிக்கத்தான் இவ்வளவு நேரம் காத்திருந்தீர்கள். எழுதும் த்ரெட் முதலில் விடையை எழுதி, பிறகு ‘முடிந்தது’ என்ற கொடியை ஏற்றுகிறது. படிக்கும் த்ரெட் கொடியைப் பார்த்துவிட்டு விடையைப் படிக்கிறது. கொடி 1, விடை பழசு. இப்படி வர வாய்ப்பு இருக்கிறதா? தாராளமாக. பந்தி போட்டாச்சு என்று குரல் கேட்டு ஓடிப்போய் உட்கார்ந்தால் இலையே போடாமல் இருக்குமே, அந்தக் கதை.

முதல் காரணம் கம்பைலர். விடை வாலடைல் இல்லை, அதனால் அதன் லோடை மேலே நகர்த்தலாம். விடைக்கும் வாலடைல் போட்டு அந்த வழியை அடைத்தாலும் இரண்டாவது காரணம் அப்படியே நிற்கும். அசெம்பிளியில் கொடி முதலில், விடை அடுத்து என்று ஒழுங்காக இருக்கும். ஆர்ம், பவர் போன்ற ப்ராசஸர்கள் அந்த வரிசையில் ஓட்ட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. கொடி இருக்கும் கேஷ் லைன் (கோரின் பக்கத்தில் இருக்கும் வேகமான மெமரியின் ஒரு துண்டு) இந்தக் கோரில் இல்லை, கொண்டுவர நேரமாகும். விடை இருக்கும் லைனோ கைவசம் இருக்கிறது. ப்ராசஸர் சும்மா இருக்காது. கிளை எந்தப் பக்கம் போகும் என்று ஊகித்து விடையை முன்கூட்டியே படித்து வைத்துக்கொள்ளும். பிறகு கொடி 1 என்று வந்து சேர்ந்தால் ஊகம் சரி, வேலை முடிந்தது. படித்து வைத்த விடை அதற்கு முந்தையது என்பதை யாரும் கேட்பதில்லை. நடுவில் இருக்கும் இஃப் காப்பாற்றும் என்று பலர் நம்புகிறார்கள். இஃப், அதற்குப் பின் வரும் ஸ்டோரைத் தடுக்கும், லோடைத் தடுக்காது.

என் நிரல் பத்து வருடமாக வாலடைலோடு ஓடுகிறது. ஒரு நாளும் உடையவில்லையே?

இன்டெல் அல்லது ஏஎம்டி மெஷினாக இருக்கும். அவற்றின் எக்ஸ்86 கட்டமைப்பில் ஒரு லோடு இன்னொரு லோடைத் தாண்டியதாக வெளியே தெரியாது. அந்தச் சிப்களும் உள்ளுக்குள் லோடுகளை முன்கூட்டியே ஓட்டத்தான் செய்கின்றன. ஆனால் படித்து வைத்த லைனை வேறு கோர் மாற்றிவிட்டது என்று தெரிந்தால் அந்த வேலையைக் கொட்டிவிட்டு மறுபடி படிக்கின்றன. நீங்கள் அட்டாமிக் போடாத குறையை ஹார்ட்வேர் ஓசையில்லாமல் ஈடுகட்டிக் கொண்டிருக்கிறது.

அதே நிரலை ஆர்ம் சிப் உள்ள ராஸ்பெரி பையிலோ கிராவிட்டான் சர்வரிலோ ஏற்றும் நாளில் கணக்கு தீர்க்கப்படும். ஆப்பிள் 2020-இல் ஆர்ம் வகையான எம்1 சிப்புக்கு மாறியபோது இந்தப் பிரச்சினையை நன்றாகத் தெரிந்தே இறங்கியது. பழைய இன்டெல் நிரல்களை ரொசெட்டா என்ற மொழிமாற்றி மூலம் ஓட்டும்போது மட்டும் எக்ஸ்86 போன்ற மெமரி வரிசையைப் பின்பற்ற அந்தச் சிப்பிலேயே ஒரு தனி முறை இருக்கிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓர் இடத்திலும் இதேதான் நடந்தது. எக்ஸ்86 போர்டிலிருந்து ஆர்ம் போர்டுக்கு மாறினோம். வாரத்துக்கு ஒரு தடவை ஒரு பாக்கெட்டின் நீளம் முந்தைய பாக்கெட்டின் நீளமாக வந்தது. நெட்வொர்க் கார்டு, டிரைவர், கேபிள் என்று எல்லோரையும் திட்டி முடித்த பிறகுதான் ஒரு வாலடைல் கொடி கண்ணில் பட்டது.

அட்டாமிக் லோடு என்றால் என்ன இன்ஸ்ட்ரக்‌ஷன் வருகிறது?

அது சிப்பையும் நீங்கள் கேட்கும் வரிசையையும் பொறுத்தது. எக்ஸ்86-இல் ரிலாக்ஸ்ட் (வரிசை எதுவும் கேட்காதது), அக்வயர் (பின்னால் வருபவை தனக்கு முன்னால் போகாமல் காப்பது), சீக்வென்ஷியல் (எல்லோருக்கும் ஒரே வரிசை) மூன்றுமே வெறும் மூவ், அதாவது சாதாரண லோடு. ‘அட்டாமிக் மெதுவாக இருக்கும்’ என்று பயந்து வாலடைல் போடுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்: லோடில் காசு எதுவும் மிச்சமாகவில்லை. அப்படியானால் அக்வயருக்கும் ரிலாக்ஸ்டுக்கும் எக்ஸ்86-இல் வித்தியாசமே இல்லையா? இருக்கிறது, கம்பைலருக்குள். அக்வயர் லோடுக்குப் பின்னால் எழுதப்பட்ட எந்த அணுகலையும் அதற்கு முன்னால் கொண்டுபோகக் கூடாது என்பது ஆப்டிமைசருக்கான கட்டளை. இன்ஸ்ட்ரக்‌ஷன் ஒன்றாக இருந்தாலும் அதைச் சுற்றி என்னென்ன நகரும் என்பது வேறு.

ஆர்மில் கதை சுவையானது. ஏழாம் பதிப்பில் அக்வயர் லோடு என்றால் எல்டிஆர் என்ற சாதாரண லோடு, அதன் பின்னால் டிஎம்பி என்ற பேரியர். பேரியர் எல்லாவற்றையும் நிறுத்திவிடும், கொஞ்சம் முரடு. எட்டாம் பதிப்பில் எல்டிஏஆர் என்று தனியாகவே கொடுத்துவிட்டார்கள். அந்த ஒரு லோடுக்குப் பின் வருபவை மட்டும் காத்திருந்தால் போதும். ஆனால் எல்டிஏஆர் தனக்கு முன்னால் வந்த எஸ்டிஎல்ஆர் என்ற வரிசை காக்கும் ஸ்டோர்களைத் தாண்டாது. வெறும் அக்வயருக்கு அது தேவைக்கு மேல். அதனால் 8.3-இல் இன்னும் தளர்வான எல்டிஏபிஆர் கட்டாயமானது. உங்கள் டார்கெட் அதை ஆதரிக்கிறது என்று கம்பைலருக்குச் சொன்னால் அக்வயருக்கு அதையே எடுத்துக்கொள்ளும்.

பவர் சிப்பில் வரும் அக்வயரைப் பார்த்தால் சிரிப்பு வரும்: லோடு, அந்த மதிப்பை அதனுடனேயே ஒப்பீடு, எங்கும் போகாத ஒரு கிளை, அப்புறம் ஐசிங்க். பைத்தியக்காரத்தனம் மாதிரி தெரியும், ஆனால் லோடு முடியாமல் கிளை முடியாது, கிளை முடியாமல் ஐசிங்க் நகராது. ரிஸ்க்-5-இல் லோடுக்குப் பின் ஒரு ஃபென்ஸ், அதுவும் பேரியர்தான்.

ரிலாக்ஸ்ட், அக்வயர், சீக்வென்ஷியல்: எதை எடுப்பது?

எண்ணிக்கையைத் திரையில் காட்டுவது, நிறுத்துக் கொடி போன்றவற்றுக்கு, அதாவது அந்த மதிப்பை நம்பி வேறு எதையும் படிக்கப் போவதில்லை என்றால், ரிலாக்ஸ்ட். கொடியைப் பார்த்துவிட்டு வேறொன்றைப் படிப்பதானால் இந்தப் பக்கம் அக்வயர், எழுதும் பக்கம் ரிலீஸ் (தனக்கு முன்னால் வந்தவை பின்னால் போகாமல் காப்பது). இரண்டும் ஜோடி, ஒன்றை மட்டும் போட்டால் பயனில்லை.

சீக்வென்ஷியல் என்பது லெஸ்லி லாம்போர்ட் 1979-இல் வரையறுத்த ஒழுங்கு: எல்லா த்ரெட்களின் செயல்களும் ஒரே வரிசையில் நடந்ததுபோல் எல்லோருக்கும் தெரிய வேண்டும். இது எப்போது தேவை? நான் என் கொடியை ஏற்றிவிட்டு உன் கொடியைப் படிக்கிறேன். நீ உன் கொடியை ஏற்றிவிட்டு என் கொடியைப் படிக்கிறாய். இருவருக்கும் எதிராளியின் கொடி பூஜ்யமாகத் தெரியலாம், எக்ஸ்86-இல்கூட. ஏனென்றால் என் ஸ்டோர் என் கோரின் ஸ்டோர் பஃபரில் இன்னும் வரிசையில் நிற்கிறது, லோடு அதற்கு முன் போய்விட்டது. அக்வயர், ரிலீஸ் இரண்டுமே இதைத் தடுக்காது. சீக்வென்ஷியல் தடுக்கும். எக்ஸ்86-இல் அதற்கான விலையைக் கம்பைலர்கள் ஸ்டோர் பக்கம் வைத்திருக்கின்றன; எக்ஸ்சேஞ்ச் அல்லது எம்ஃபென்ஸ் அங்கேதான் வரும். லோடுகள் அதிகம், ஸ்டோர்கள் குறைவு என்பதால் அந்தப் பக்கம் வைத்தது புத்திசாலித்தனம். ஒரு கம்பைலர் இந்த வேலையை லோடில் வைத்து இன்னொன்று ஸ்டோரில் வைத்தால், இரண்டின் ஆப்ஜெக்ட் ஃபைல்களையும் சேர்த்து லிங்க் செய்யும்போது நடுவில் யாருமே பேரியர் போடாத ஓட்டை விழும். எந்த வரிசைக்கு எந்த இன்ஸ்ட்ரக்‌ஷன் என்பதை ஒரு கம்பைலர் தனியாக முடிவு செய்ய முடியாது.

சந்தேகம் இருந்தால் சீக்வென்ஷியல். எதுவும் எழுதாவிட்டால் மொழி எடுத்துக்கொள்வதும் அதைத்தான்.

ஒரே வேரியபிளை அடுத்தடுத்து இரண்டு தடவை படித்தால் புதிய மதிப்புக்குப் பின் பழைய மதிப்பு வருமா?

எனக்கு மிகப் பிடித்த கேள்வி. அட்டாமிக்கில் வரக் கூடாது, ரிலாக்ஸ்டாக இருந்தாலும். ஒரே இடத்தைப் பொறுத்தவரை காலம் பின்னோக்கிப் போகாது என்பது சி++11 மாடலின் அடிப்படை விதி.

சாதாரண வேரியபிளில் கம்பைலரே இதைச் செய்யும். பி, கியூ என்று இரண்டு பாயின்டர்கள். பி வழியாக ஒரு தடவை, கியூ வழியாக ஒரு தடவை, மறுபடி பி வழியாக ஒரு தடவை படிக்கிறீர்கள். நடுவில் எந்த ஸ்டோரும் இல்லை, எனவே மூன்றாவது லோடுக்கு முதல் லோடின் மதிப்பையே கம்பைலர் கொடுத்துவிடும். பியும் கியூவும் ஒரே இடத்தைக் காட்டுகின்றன, முதல் லோடுக்கும் இரண்டாவதுக்கும் நடுவில் இன்னொரு த்ரெட் மதிப்பை மாற்றியது என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்குக் கிடைப்பது பழசு, புதுசு, பழசு.

ஹார்ட்வேரிலும் இது நடந்திருக்கிறது. ஆர்ம் கார்டெக்ஸ்-ஏ9 பல கோர் சிப்பில் ஒரே முகவரிக்கு அடுத்தடுத்து வரும் இரண்டு லோடுகள் முன்பின்னாக மாறலாம் என்ற பிழையை ஆர்ம் 2011-இல் குறிப்பாக வெளியிட்டது. பிழை எண் 761319. அந்தக் காலத்துப் பல ஃபோன்களிலும் டேப்லெட்டுகளிலும் இருந்த கோர் அது. சிப்பைத் திரும்ப வாங்க முடியுமா என்ன? பாரம் கம்பைலர் தலையில் விழுந்தது. அப்படிக் கண்டிப்பான வரிசை தேவைப்படும் லோடுகளுக்கு நடுவில் டிஎம்பி செருகுவதுதான் டூல்செயின்களுக்குச் சொல்லப்பட்ட மருந்து. எல்டிஆருக்குப் பதில் எல்டிஆர்இஎக்ஸ் போடுவது இன்னொரு வழி. வெறும் ரிலாக்ஸ்ட் லோடுக்கே பேரியர் கேட்கும் நிலை. ‘ரிலாக்ஸ்ட் என்றால் செலவே இல்லை’ என்று அடித்துச் சொல்கிறவர்களிடம் நான் எடுத்துப் போடுவது இந்தச் சிப்பைத்தான்.

இன்டெலின் இட்டானியம் சிப்பில் இது பிழையே இல்லை; ஒரே முகவரியின் சாதாரண லோடுகளை மாற்றிப்போட அந்தக் கட்டமைப்பே அனுமதித்தது. அதனால் அங்கே கம்பைலர்கள் வாலடைல் லோடுக்கே அக்வயர் வகை இன்ஸ்ட்ரக்‌ஷனைப் போட்டன. மேலே சொன்ன விதிவிலக்கு இதுதான்.

64 பிட் எண்ணை 32 பிட் சிப்பில் வாலடைலாகப் படித்தால்?

இரண்டு துண்டாகப் படிக்கும். கவுன்ட்டர் 4294967295-இலிருந்து 4294967296-க்கு மாறும் நொடியில் படித்தால் மேல் பாதி பழசும் கீழ்ப் பாதி புதுசுமாகச் சேர்ந்து 0 வரலாம். மாறி அமைந்தால் 8589934591. இரண்டுமே யாரும் எழுதாத எண்கள். அட்டாமிக் என்று சொன்னால் கம்பைலர் வேறு வழி தேடும்: ஆர்ம் ஏழில் எல்டிஆர்இஎக்ஸ்டி, 32 பிட் எக்ஸ்86-இல் எஸ்எஸ்இ அல்லது மிதவை எண் யூனிட்டின் 64 பிட் லோடு.

128 பிட்டில் ஒரு வேடிக்கை. எக்ஸ்86-இல் நெடுநாள் இருந்த ஒரே உத்தரவாதமான வழி 16 பைட் கம்பேர்-எக்ஸ்சேஞ்ச். அது படிப்பதற்காகவும் எழுதும். எனவே எழுத அனுமதியில்லாத பக்கத்தில் இருக்கும் வேரியபிளை ‘படித்தால்’ நிரல் செத்துவிழும். ஏவிஎக்ஸ் உள்ள தன் சிப்களில் சீராக அமைந்த 16 பைட் லோடு அட்டாமிக்தான் என்று இன்டெல் பிற்பாடு எழுத்தில் தந்த பிறகே நிம்மதி.

கன்ஸ்யூம் என்று ஒன்று இருக்கிறதே?

அக்வயரைவிடத் தளர்வான இன்னொரு வரிசை அது, மறந்துவிடுங்கள். பாயின்டரைப் படித்து, அதன் வழியே அடுத்ததைப் படித்தால், முகவரி தெரியாமல் இரண்டாவது லோடு ஓட முடியாது. எனவே பேரியர் வேண்டாம் என்பது யோசனை. டெக் ஆல்ஃபா தவிர மற்ற சிப்களில் இது உண்மை. ஆல்ஃபாவில் கேஷ் இரண்டு பகுதிகளாக இயங்கியதால் புதிய பாயின்டரும் அது காட்டும் இடத்தின் பழைய மதிப்பும் சேர்ந்தே வரலாம். ஆனால் கன்ஸ்யூமைக் கொன்றது ஆல்ஃபா இல்லை, கம்பைலர்தான். ஒரு மதிப்பு இன்னதுதான் என்று கண்டுபிடித்துவிட்டால் ஆப்டிமைசர் அந்தச் சங்கிலியையே அறுத்துவிடும். சங்கிலியைக் காப்பாற்றிக்கொண்டு ஆப்டிமைஸ் செய்வது யாருக்கும் கட்டுப்படியாகவில்லை. எல்லாக் கம்பைலர்களும் கன்ஸ்யூமை அக்வயராக மாற்றிவிடுகின்றன. சி++17 ‘இப்போதைக்குப் பயன்படுத்தாதீர்கள்’ என்று சொல்லிவிட்டது.

ஜாவாவில் வாலடைல் போட்டால் போதும் என்கிறார்களே?

ஜாவாவில் போதும். பெயர் ஒன்று, ஆள் வேறு. 2004-இல் ஜாவா 5-உடன் திருத்தப்பட்ட மெமரி மாடலில் வாலடைல் என்பது சி++-இன் சீக்வென்ஷியல் அட்டாமிக்குக்கு ஏறக்குறைய சமம். சி ஷார்ப்பில் வாலடைல் படிப்பு அக்வயர், எழுத்து ரிலீஸ். மைக்ரோசாஃப்டின் சி++ கம்பைலர் எக்ஸ்86-க்கு வாலடைலை இதேபோல் அக்வயர்-ரிலீஸாக நடத்தும். ஆர்முக்கு வந்தால் இயல்பு நிலையில் தரநிலைப்படி மட்டும். ஜாவாவிலிருந்து சி++-க்கு வருகிறவர்கள் இடறி விழும் முதல் படி இது.

லினக்ஸ் கர்னல் மட்டும் இன்னும் வாலடைலைப் பயன்படுத்துகிறதே?

வேரியபிளை வாலடைலாக அறிவிப்பதைக் கர்னலின் சொந்த ஆவணமே எதிர்க்கிறது. அவர்கள் செய்வது வேறு: வேரியபிள் சாதாரணமானது, படிக்கும் இடத்தில் மட்டும் ரீட்-ஒன்ஸ் என்ற மேக்ரோ அதை வாலடைலாகக் காட்டிப் படிக்கும். முன்பு அக்சஸ்-ஒன்ஸ் என்று இருந்தது, ஜிசிசி 4.6, 4.7 பதிப்புகள் ஸ்ட்ரக்ட் போன்ற வகைகளில் வாலடைலைத் தொலைத்துவிட்டதால் 3.19 கர்னலில் ரீட்-ஒன்ஸ் வந்தது. 4.15-இல் ஆல்ஃபாவுக்கான பேரியரையும் அதற்குள்ளேயே வைத்துவிட்டார்கள்.

64 பிட் ஆர்மில் லிங்க் நேர ஆப்டிமைசேஷனோடு கர்னலைக் கட்டினால் ரீட்-ஒன்ஸ் அக்வயர் லோடாக மாறுகிறது. முழு கர்னலையும் ஒரே பார்வையில் பார்க்கும் கம்பைலர், கன்ஸ்யூமைக் கெடுத்த அதே வழியில் சங்கிலியை அறுத்துவிடுமோ என்ற அச்சம்தான் காரணம். கம்பைலரோடு இவ்வளவு நெருங்கிப் பேசிக்கொண்டிருக்க ஆள்பலம் இருக்கிறவர்கள் செய்யலாம். நாம் அட்டாமிக்கோடு நிற்பது நல்லது.

வாலடைல், அட்டாமிக் இரண்டையும் சேர்த்துப் போடலாமா?

போடலாம், இரண்டும் வெவ்வேறு கேள்விகளுக்கான பதில்கள். அடுத்தடுத்த இரண்டு ரிலாக்ஸ்ட் லோடுகளை ஒன்றாக்கவோ பயன்படாத அட்டாமிக் லோடை நீக்கவோ தரநிலை தடுக்கவில்லை. இன்றைய ஜிசிசியும் கிளாங்கும் அட்டாமிக் லோடுகளை இப்படி ஒன்றாக்குவதில்லை, அவ்வளவே. படிப்பதே ஒரு செயலாக இருக்கும் இடத்தில் அந்தப் பெருந்தன்மையை நம்ப முடியாது. 16550 சீரியல் சிப்பில் பெறும் பஃபரைப் படித்தால் ஒரு பைட் வரிசையிலிருந்து போய்விடும்; லைன் ஸ்டேட்டஸைப் படித்தால் பிழை பிட்கள் அழிந்துவிடும். அங்கே வாலடைல் கட்டாயம். இரண்டு த்ரெட்கள் பேசிக்கொள்ளும் வேரியபிளுக்குத் தேவையில்லை.

கம்பைலரே வாலடைலைத் தவறாக மொழிபெயர்க்குமா?

யூட்டா பல்கலைக்கழகத்தின் எரிக் ஐட், ஜான் ரெகர் இருவரும் 2008-இல் 13 சி கம்பைலர்களைச் சோதித்தார்கள். பதின்மூன்றுமே ஏதாவது ஓரிடத்தில் வாலடைல் அணுகலைத் தவறவிட்டன. அப்போதைக்கு அது அதிர்ச்சி. இன்று நிலைமை எவ்வளவோ தேவலாம், ஆனால் புதிதாக வந்த சிப்புக்கான கம்பைலர் என்றால் அசெம்பிளியை ஒரு முறை நானே பார்த்துவிடுவேன்.

என் நிரல் சரியா என்று எப்படிப் பார்ப்பது?

கம்பைலர் தரும் அசெம்பிளியைக் காட்டும் காட்போல்ட் தளத்தில் அந்த ஃபங்ஷனை மட்டும் போட்டு, எக்ஸ்86-க்கும் 64 பிட் ஆர்முக்கும் பக்கத்துப் பக்கத்தில் அசெம்பிளி எடுங்கள். ஆர்ம் பக்கம் அக்வயர் வேண்டிய இடத்தில் வெறும் எல்டிஆர் தெரிந்தால் பிழை அங்கேயே கிடைத்துவிட்டது. சோதனை ஓட்டத்தை உண்மையான ஆர்ம் மெஷினில் வையுங்கள். எக்ஸ்86-இல் ஆயிரம் மணி நேரம் ஓட்டினாலும் லோடு-லோடு மாற்றம் வராது.

டேட்டா ரேஸைத் தேடும் கருவியான த்ரெட் சானிடைசரோடு ஒரு பில்ட் வைத்திருங்கள். சி, சி++ நிரலில் அது வாலடைலை ஒத்திசைவாக ஏற்றுக்கொள்ளாது, நேராக டேட்டா ரேஸ் என்று சொல்லிவிடும். ‘இது பொய் எச்சரிக்கை, வாலடைல்தான் போட்டிருக்கிறோமே’ என்று அதை மௌனமாக்கி வைத்திருக்கும் நிரல்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். முதலில் அந்த மௌனப் பட்டியலைத் திறந்து பாருங்கள். தனியாக நிற்கும் அட்டாமிக் ஃபென்ஸ்களை மட்டும் அதற்குப் புரியாது, ஜிசிசி அதை எச்சரிக்கையாகவே சொல்லும். அந்த இடங்களில் ஃபென்ஸை எடுத்துவிட்டு லோடிலேயே அக்வயர் போட முடியுமா என்று பாருங்கள். பெரும்பாலும் முடியும், 64 பிட் ஆர்மில் பேரியரைவிட அது மலிவும்கூட.